கட்டுப்பாட்டை இழந்தது எது?

'கட்டுப்பாட்டை இழந்த லாரி' என்னும் தொடரைத் தமிழ் நாளிதழ் வாசகர் ஒருவர் தம் வாழ்நாளில் எத்தனை முறை கடந்திருப்பார் என்று கணக்கிட முடியாது. சேலம், நாமக்கல் வட்டாரப் பக்கங்களை நாள்தோறும் புரட்டுபவர்களுக்கு அது வானிலை அறிக்கையைப் போலப் பழகிவிட்ட ஒன்று. இலக்கணப்படி அத்தொடரில் எழுவாய் லாரி. கட்டுப்பாட்டை இழப்பதும் லாரி. அடுத்த வாக்கியத்தில் ஓட்டுநர் கைது செய்யப்பட்டிருப்பார், அல்லது தப்பியோடியிருப்பார், அல்லது இறந்திருப்பார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே இருக்கவேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் ஒருபோதும் அச்சாவதில்லை. எந்தப் பாகம் விட்டுப்போனது, அது எத்தனை நாளாகத் தேய்ந்துகொண்டிருந்தது, அதைக் கடைசியாகக் குனிந்து பார்த்தவர் யார் என்பதுதான் அந்த வாக்கியம்.

இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் லாரியைப் பற்றி எதற்குப் பேசவேண்டும் என்ற கேள்வி எழலாம். மொழியில் ஒரு வாக்கியம் விடுபட்டுப்போவதால் உயிர்கள் போகின்றன என்று கருதுவதாலேயே இதை இங்கே எழுதுகிறோம். எங்களுள் பெரும்பாலோர் இந்தச் சமவெளியைச் சேர்ந்தவர்கள். எங்கள் வீடுகளின் அரிசியும் புத்தகமும் ஏதோ ஒரு நடையின் வாடகைப் பணத்தில் வந்தவையே. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரியோடு தொடர்பில்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல் முட்டைக்கும் கோழிப்பண்ணைக்கும் பெயர்பெற்றது என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. அதற்குச் சமமான இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. இந்தியாவின் பல மாநிலங்களில் ஓடும் லாரிகளுக்குப் 'பாடி' கட்டித் தருவது இந்த ஊரின் பட்டறைகள். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் விந்தியத்துக்கு அப்பாலும் நிலத்தைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. சமையல் எரிவாயு ஏற்றிச்செல்லும் 'புல்லட்' டேங்கர் லாரிகளின் தென்மண்டல உரிமையாளர் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். கரும்பு வெட்டும் பருவத்தில் மோகனூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கியும் ஓடப்பள்ளி ஆலையை நோக்கியும் டிராக்டர்களும் அவற்றின் பின்னால் பெட்டிகளும் வரிசை கட்டுகின்றன.

இவற்றில் ரிக் வண்டி நீங்கலாக மற்றவற்றில் பல, ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுத்துச்செல்லும் அமைப்பைக் கொண்டவை. முன்னால் இயந்திரமும் ஓட்டுநரும், பின்னால் பாரம். இரண்டையும் சேர்த்துவைத்திருப்பது கையகலத்து இரும்பு. நாங்கள் பேச விரும்புவது அந்தக் கையகல இரும்பைப் பற்றித்தான்.

*

2025 ஜனவரி 3ஆம் தேதி விடியற்காலை, கொச்சியிலிருந்து கோவைக்கு 18 டன் சமையல் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர் லாரி ஒன்று அவிநாசி சாலை மேம்பாலத்தில் உப்பிலிபாளையம் அருகே திரும்பியபோது, உருளை வடிவிலான கலன் இழுவை வண்டியிலிருந்து கழன்று பாலத்தின்மேல் சாய்ந்தது. எரிவாயு கசிந்தது. தீயணைப்புத் துறையினர் தண்ணீரைப் பீய்ச்சியடித்தபடி மணிக்கணக்கில் நின்றார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. பாரந்தூக்கிகளைக் கொண்டு கலனை அகற்றும்போது பகல் ஏறிவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்குச் சரியாக இரண்டு வாரங்களுக்கு முன்புதான், 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூர் அருகே நெடுஞ்சாலையில் எரிவாயு டேங்கர்மீது லாரி மோதித் தீப்பிடித்துப் பலர் மாண்டிருந்தனர். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் கவிழ்ந்து வெடித்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை. கோவை அந்தப் பட்டியலில் சேராமல் தப்பியது.

உயிர்ச்சேதம் இல்லாததால் அந்தச் செய்தியும் சில நாட்களில் அடங்கிப்போனது. ஆனால் அச்செய்தியில் அபூர்வமான ஒன்று இருந்தது. கலனையும் வண்டியையும் இணைக்கும் பாகம் உடைந்ததே காரணம் என்று அன்றே அதிகாரிகள் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. 'கட்டுப்பாட்டை இழந்து' என்று முடித்துவிடாமல் ஒரு பாகத்தைச் சுட்டிப் பேசிய அந்த வாக்கியத்தை நாங்கள் கவனித்துக் குறித்துக்கொண்டோம். பிறகு எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்: அந்தப் பாகத்துக்குத் தமிழில் என்ன பெயர்? அது எப்படி வேலை செய்கிறது? அது ஏன் உடைகிறது?

பட்டறைகளில் அதை 'டர்ன் டேபிள்' என்பார்கள்; 'ஃபிஃப்த் வீல்' என்பார்கள். இழுவை வண்டியின் பின்சட்டத்தின்மேல், கிரீஸ் பூசப்பட்ட கனத்த இரும்புத் தட்டு. குதிரை லாடத்தைப் போல அதன் பின்பக்கம் பிளந்திருக்கும். டிரெய்லரின் அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கி நீளும் எஃகுக் குமிழ்தான் 'கிங் பின்'. அதன் விட்டம் பெரும்பாலும் 2 அங்குலம். மிகக் கனத்த பாரங்களுக்கு மூன்றரை அங்குலம். இழுவை வண்டி பின்னோக்கி நகரும்போது அந்தக் குமிழ் பிளவுக்குள் வழுக்கிச் சென்று அமர, இரண்டு தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும், பூட்டு விழும். பாரத்தின் ஒரு பகுதியைத் தட்டு தாங்குகிறது. ஆனால் இழுக்கும் விசை முழுவதும், நிறுத்தும் விசையின் ஒரு பகுதியும் அந்த 2 அங்குலத்தின் வழியாகவே கடந்துசெல்கின்றன. எரிவாயுவின் 18 டன்னும் அதைச் சுமக்கும் எஃகுக் கலனின் எடையும் ஒரு முழங்கை தடிமன்கூட இல்லாத உலோகத்தை நம்பித்தான் வாளையாற்றைக் கடந்து வருகின்றன.

அது பழுதாகும் வழிகள் அதிகமில்லை. பூட்டும்போது டிரெய்லரின் உயரம் சரியாக இல்லையென்றால் குமிழ் தாடைக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும்; பார்ப்பதற்குப் பூட்டியது போலவே இருக்கும்; வண்டியும் நகரும்; முதல் பள்ளத்திலோ முதல் வளைவிலோ உண்மை தெரியவரும். தாடைகள் நாளடைவில் தேயும். தேய்ந்த தாடைக்குள் குமிழ் ஆடும். ஆட ஆட இன்னும் தேயும். கிரீஸில் படியும் மண் அரத்தைப்போல் அறுக்கும். தட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளரும். வெல்டிங் ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல் தொடங்கி, துருவின் சிவப்புக்கோடாக வெளியே தெரியும். இவற்றில் எதுவும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. அத்தனையும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கள் வருகையை அறிவித்துக்கொண்டே வருபவை. ஒரு டார்ச் விளக்கும் குனிந்து பார்க்கும் ஒரு மனிதரும் இருந்தால் கண்டுகொள்ளலாம். பூட்டியபின் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு இழுவை வண்டியை மெல்ல முன்னோக்கி ஒருமுறை இழுத்துப் பார்ப்பது உலகெங்கும் ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படும் சோதனை. ஒரு நிமிடம் போதும்.

இணைப்பு என்பது இரும்பு மட்டுமன்று. இரண்டு காற்றுக்குழாய்களும் ஒரு மின்கம்பியும் முன்னிருந்து பின்னுக்குச் செல்கின்றன. சிவப்புக் குழாய் டிரெய்லரின் காற்றுக் கலத்தை நிரப்புகிறது. மஞ்சள் குழாய் ஓட்டுநர் மிதிக்கும் பிரேக்கின் கட்டளையைக் கொண்டுபோகிறது. சிவப்பு அறுந்தால் டிரெய்லரின் பிரேக்குகள் தாமே பிடித்துக்கொள்ளும். பழுதானால் நின்றுவிடு என்பது அதன் விதி. நல்ல விதி. மஞ்சளில் பழுது என்றால் மிதிக்கும்வரை தெரியாது. மிதிக்கும் கணத்தில் முன்வண்டி நிற்கும், பின்வண்டி நிற்காது. பின்வண்டி முன்வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி, இரண்டும் பேனாக்கத்தி மடிவதைப்போல் மடியும். தொப்பூர்க் கணவாயில் பெங்களூர்த் திசையிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் நீண்ட சரிவில் இத்தகைய மடிப்புகளை நாங்கள் கண்டிருக்கிறோம். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சிவப்புக் குழாயின் நல்ல விதி வாடகைக் கணக்குக்கு இடைஞ்சலாகிறது. பிரேக் பிடித்துக்கொண்டு நடுவழியில் நகராமல் நின்ற டிரெய்லரைக் கையால் தளர்த்திவிட்டு, 'ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டும் தீர்மானம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

*

கரும்பு டிராக்டருக்கு இவ்வளவு நுட்பம்கூடக் கிடையாது. டிராக்டரின் பின்கொக்கி, பெட்டியின் ஏர்க்கால், இரண்டையும் கோக்கும் ஓர் ஆணி, அந்த ஆணி மேலெழும்பாமல் இருக்க ஒரு சிறு கொண்டை ஊசி. இவ்வளவே. பெரும்பாலான பெட்டிகளுக்குத் தனியாகப் பிரேக் இல்லை. கொண்டை ஊசி தொலைந்துபோனால் அதன் இடத்தில் ஒரு கம்பித்துண்டு முறுக்கப்படும். அது அறுந்தால் மேடுபள்ளத்தில் ஆணி மெல்ல மெல்ல மேலேறும். ஏற்றத்தில் பெட்டி கழன்றால் பின்னால் வரும் இருசக்கர வாகனத்தின்மேல் கரும்புக் கட்டுகளோடு உருண்டு வரும். இரட்டைப் பெட்டி பூட்டியிருந்தால் ஓட்டுநருக்கு இரண்டாவது பெட்டி கண்ணிலேயே படுவதில்லை. பின்விளக்குக்குச் செல்லும் கம்பி கரும்புத் தோகையில் சிக்கி அறுந்துபோனால் அதுவும் அவருக்குத் தெரியாது. இருளில் வருபவருக்கு அது விளக்கற்ற ஒரு கருஞ்சுவர். பருவம் தொடங்கும்போது ஒளிரும் பட்டைகளை ஒட்டுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் ஒட்டுவதைப் படம் பிடிக்கலாம், ஆணியைப் படம் பிடிக்க முடியாது. ஆகவே ஆணி கவனம் பெறுவதில்லை. கொக்கிக்கு அப்பால் ஒரு துணைச்சங்கிலி கட்டினால், ஆணி போனாலும் பெட்டி சாலையை விட்டு ஓடாது. சங்கிலியின் விலை ஒரு பாரக் கரும்பின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பழுதான வண்டியை வடத்தால் கட்டி இழுத்துச்செல்லும் வழக்கம் மூன்றாவது வகை. எஞ்சின் ஓடாத லாரிக்குக் காற்றழுத்தம் ஏறாது. காற்றில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் பிரேக்கைத் தளர்த்தினால்தான் அதை நகர்த்த முடியும். தளர்த்திவிட்டால் அதற்குப் பிரேக்கே இல்லை. பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகக் கனக்கும். அந்த இருக்கையில் ஒருவரை அமரவைத்து, முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, இறக்கத்தில் இறங்குகிறோம். கயிறு இழுக்கும், தடுக்காது. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளே இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்றன; கயிறோ சங்கிலியோ பிறர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படவேண்டும், பின்வண்டியில் 'இழுத்துச்செல்லப்படுகிறது' என்ற அறிவிப்பு வேண்டும் என்றன. சங்ககிரி இறக்கத்தில் இரவில் இழுத்துச்செல்லப்படும் எந்த வண்டியிலும் அப்படி ஓர் அறிவிப்புப் பலகையை நாங்கள் பார்த்ததில்லை. கயிற்றுக்குப் பதிலாக இரும்புத் தண்டைப் பயன்படுத்தும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை விதி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

இது ஏழைநாட்டு அவலம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் பணிஓய்வு பெற்ற தம்பதியர் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அந்த வீட்டுவண்டிக்குப் பின்னால், இறங்கிய ஊரில் கடைகண்ணிக்குப் போய்வர ஒரு சிறு காரையும் பூட்டி இழுத்துச்செல்வார்கள். அங்கே பழுதாவதும் இதே பொருட்கள்தாம்: முழுமையாகப் பூட்டாத இழுவைத்தண்டு, செருக மறந்த ஊசி, உரசித் தேய்ந்த துணைக்கம்பி, விடுவிக்க மறந்த கைபிரேக், அறுந்துபோன விளக்குக் கம்பி. பெரிய வண்டியின் ஓட்டுநருக்குப் பின்னால் வரும் காரின் எடையே தெரிவதில்லை. அதன் டயர் வெடித்துச் சக்கரம் தரையில் உரசித் தீப்பொறி பறந்தாலும், பக்கத்தில் போகிறவர் கைகாட்டிச் சொன்னால்தான் உண்டு. ஆனால் அவர்கள் ஒன்றைச் செய்துவைத்திருக்கிறார்கள். இணைப்பு அறுந்தால் பின்வண்டியின் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் ஒரு விசை, பின்வண்டிக்கென்று தனியாக ஒரு துணைப் பிரேக், பயணத்தைத் தொடங்குமுன் சரிபார்க்கவேண்டியவற்றின் ஒரு பட்டியல். உல்லாசப் பயணத்துக்கே அத்தனை ஏற்பாடு. பிழைப்புக்காக எரிவாயுவையும் கரும்பையும் இழுக்கிறவர்களுக்கு அந்தப் பட்டியல் வேண்டாமா?

*

எங்கள் வாதத்துக்கு உடனே ஒரு மறுப்பு வரும். விபத்துகளுக்குக் காரணம் மனிதத் தவறே என்று புள்ளிவிவரங்கள் சொல்கின்றன அல்லவா? உண்மை. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டுச் சாலை விபத்து அறிக்கையில் ஏறத்தாழ 10 விபத்துகளுள் 7, அதிவேகம் என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. வேகம் கொல்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு படிவத்தில் ஒரே ஒரு காரணத்தை எழுதச்சொன்னால் எல்லோரும் முதலில் எழுதுவது வேகம்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிய வண்டியின் தாடை தேய்ந்திருந்தது என்பதை எழுத அங்கே கட்டம் இருப்பதில்லை. தேய்ந்த தாடையோடு 40 கிலோமீட்டரும் அதிவேகமே என்று ஒருவர் வாதிடலாம். அப்போதும் குற்றம் வேகத்தினுடையதா, தாடையினுடையதா?

இன்னொரு மறுப்பு, விபத்துக்குப் பின் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிக்கிறாரே என்பது. மக்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான். ஆம், சோதிக்கிறார், அறிக்கை தருகிறார். அந்த அறிக்கை வழக்குக் கட்டில் உறங்குகிறது. அது நாளிதழுக்கு வருவதில்லை; பட்டறைக்குத் திரும்புவதில்லை; அடுத்த தட்டைச் செய்பவரின் கைக்கும், அடுத்த வண்டியைப் பூட்டுபவரின் காதுக்கும் எட்டுவதில்லை. ஒரு விமானம் விழுந்தால் அதன் காரணம் உலகிலுள்ள எல்லா விமானிகளுக்கும் பாடமாகிறது. ஒரு டிரெய்லர் கழன்றால் அந்த ஓட்டுநருக்குத் தண்டனையாகிறது, அதோடு சரி.

அந்தத் தண்டனையும் கூடியிருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு 2 ஆண்டுகள்வரை சிறை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை 5 ஆண்டுகள்வரை என்று உயர்த்தியது. ஓட்டுநரின் பொறுப்பு இரண்டரை மடங்காகிவிட்டது. இணைப்பைப் பராமரிக்கவேண்டியவரின் பொறுப்பு அதே விகிதத்தில் கூடியதாகத் தெரியவில்லை. எரிவாயுக் கலனுக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் காகிதம் உண்டு. அந்தக் கலனைச் சாலையில் நிறுத்திவைத்திருக்கும் தட்டும் குமிழும் எஃப்.சி. என்னும் பொதுச் சோதனையின் நீண்ட பட்டியலில் ஒரு வரியாகக் கரைந்துவிடுகின்றன. புதிய வண்டியென்றால் அந்த எஃப்.சி.யும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். 8 ஆண்டுகள் கடந்தபின்னர்தான் ஆண்டுதோறும். நாள்தோறும் பூட்டிக் கழற்றப்படும் ஒரு பொருளுக்கு இந்த இடைவெளி போதுமா?

உரிமையாளர்களை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவதும் எங்கள் நோக்கமன்று. இந்தச் சமவெளியின் லாரி உரிமையாளர்களில் பலர் ஒரு காலத்தில் தாமே ஓட்டுநராகவோ கிளீனராகவோ இருந்தவர்கள். தவணையில் வண்டி வாங்கியவர்கள். டீசல், சுங்கம், காப்பீடு, டயர், தவணை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் பராமரிப்பு வருகிறது. வாடகையை நிர்ணயிப்பவர்களோ வேறு ஊரில், வேறு மேசையில் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் தென்மண்டல எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, வண்டியில் மாற்று ஓட்டுநரோ உதவியாளரோ இல்லாவிட்டால் விதிக்கப்படும் அபராதமும் அவர்களின் குறைகளில் ஒன்றாக இருந்தது. இரு தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டாவது ஆள் வேண்டும் என்பது பாதுகாப்பின் நியாயம். அவருக்கான கூலி எந்த வாடகையில் அடங்குகிறது என்பது பிழைப்பின் நியாயம். இந்த இரண்டுக்கும் நடுவே காணாமல் போனவர் கிளீனர்.

கிளீனர் என்ற சொல் துடைப்பவரைக் குறிப்பதாக வெளியாட்கள் நினைக்கலாம். வண்டி பின்னால் வரும்போது இறங்கி நின்று உயரம் பார்த்தவர் அவர். பூட்டு விழும் ஓசையைக் காதால் கேட்டவர். சக்கரத்துக்குக் கட்டை போட்டவர். டயரைக் கம்பியால் தட்டி ஓசையில் காற்றை அறிந்தவர். பல ஆண்டுகள் அப்படிக் குனிந்து பார்த்துப் பழகியபின்தான் ஸ்டீயரிங்கைத் தொட்டார். ஒருவரே ஓட்டிச்செல்லும் காலத்தில் அந்தக் குருகுலமும் மூடிக்கொண்டது. இரண்டாவது கண்ணும் போயிற்று. பூட்டுவதும் அவரே, பார்ப்பதும் அவரே, உறங்காமல் ஓட்டுவதும் அவரே, உள்ளே போவதும் அவரே.

*

இனி இலக்கியத்துக்கு வருவோம். தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றின் 102ஆம் பாடல், உப்பு வணிகர்கள் தங்கள் வண்டியின் அடியில் கட்டிச்செல்லும் சேம அச்சுக்கு அவனை உவமிக்கிறது. தகடூர் இன்றைய தருமபுரி. மேடுபள்ளம் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி, மாற்றச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட உமணர்களை அறிந்த ஒரு புலவரின் உவமை அது. இன்று தொப்பூர்க் கணவாய் இருப்பதும் அதே தருமபுரி மாவட்டத்தில்தான். அச்சு முறியும் என்பதை இயல்பாக ஏற்று, அதற்கான ஏற்பாட்டைப் புகழுக்குரியதாக்கிய மரபு நம்முடையது. முறிந்தபின் 'கட்டுப்பாட்டை இழந்தது' என்று எழுதுவது எந்த மரபு?

மாட்டுவண்டிக்கு நம்மிடம் எத்தனை சொற்கள் இருந்தன! நுகத்தடி, பூட்டாங்கயிறு, ஏர்க்கால், அச்சு, கடையாணி. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் அதைக் கவனிக்க ஒருவர் இருந்தார். 'கடையாணி பார்த்தியா?' என்று பெரியவர் கேட்டால் சிறியவர் இறங்கிப் பார்த்தாகவேண்டும். பெயரில்லாத பாகத்தைப் பார்த்தாயா என்று யாரிடம் கேட்பது? பட்டறைத் தொழிலாளிகளிடம் பெயர்கள் இல்லாமலில்லை. ஆங்கிலத்திலிருந்து உருமாறியவையும் கொங்குத் தமிழிலிருந்து இடம்பெயர்ந்தவையுமாக ஒரு செழிப்பான மொழி அங்கே புழங்குகிறது. அது எழுத்துக்கு ஏறவில்லை என்பதே குறை. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்தார். இந்தச் சமவெளியைச் சேர்ந்த பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்தார். அந்த வரிசையில் லாரிப் பட்டறைகளின் சொற்களுக்கென்று தனித் தொகுப்பு ஒன்று வரவேண்டும். தூய தமிழாக்கம் செய்வது அதன் வேலையன்று. 'டர்ன் டேபிள்' அப்படியே இருக்கட்டும். அது என்ன, எப்படித் தேயும், எப்போது மாற்றவேண்டும் என்பது அந்தச் சொல்லுக்கு எதிரே தமிழில் எழுதப்பட்டிருந்தால் போதும்.

நாங்கள் கேட்பவை பெரியவை அல்ல. விபத்துச் செய்தியை எழுதும் நிருபர், ஓட்டுநரின் பெயரையும் வயதையும் கேட்கும் அதே மூச்சில், எந்தப் பாகம் விட்டுப்போனது என்றும் காவல்நிலையத்தில் கேட்கட்டும். வாகன ஆய்வாளரின் அறிக்கைகளில் இணைப்பு, பிரேக் பழுதுகளைப் பற்றிய பகுதியை மட்டும், ஆட்களின் பெயர்களை நீக்கி, ஆண்டுக்கொருமுறை தமிழில் வெளியிடப் போக்குவரத்துத் துறை முன்வரட்டும். டிரெய்லரைப் பூட்டுவோர் செய்யவேண்டிய சோதனைகள் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், படத்தோடு ஒவ்வொரு வண்டியின் கதவிலும் ஒட்டப்படட்டும். அந்தச் சோதனைக்கு ஆகும் கால்மணி நேரம் நடையின் கணக்கில் கூலியோடு சேரட்டும். கூலியில்லாத கவனம் நெடுநாள் நீடிக்காது. ஆலைகள் கரும்புப் பெட்டியை எடைமேடையில் ஏற்றுமுன் ஆணியையும் துணைச்சங்கிலியையும் பார்க்கட்டும். எடையைப் பார்க்க ஒருவர் இருக்கும்போது ஆணியைப் பார்க்க ஒருவரை வைக்கமுடியாதா என்ன?

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நெல்லும் மாடும் கிணறும் நம் கதைகளில் வேண்டிய அளவு வந்துவிட்டன, இன்னும் வரட்டும். அவற்றோடு கிரீஸ் படிந்த கைகளும் வரட்டும். ஒரு டிரெய்லரைப் பூட்டும் காட்சியைத் தவறில்லாமல் எழுதவேண்டுமென்றால் எழுத்தாளர் அந்தத் தட்டின் அடியில் ஒருமுறையாவது குனிந்து பார்த்திருக்கவேண்டும். அவர் பார்த்தால் அவருடைய வாசகரும் பார்ப்பார். அந்த வாசகர்களுள் ஒருவர் நாளை நிருபராகலாம், ஆய்வாளராகலாம், வண்டி உரிமையாளராகலாம். அடுத்தமுறை 'கட்டுப்பாட்டை இழந்த லாரி' என்று வாசிக்கும்போது, எழுவாய் எங்கே என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.